சிவப்பு அம்பு அக்கா

அந்த அக்காவின் பெயர் எனக்குத் தெரியாது என்று சொன்னால் அது பொய். தெரியும், சொல்ல மாட்டேன். சொன்னால் எங்கிருந்தாவது இதைப் பிடித்துப் படித்துவிட்டு, பக்கத்துக்கு நாலு சிவப்பு அம்பு ஒட்டித் திருப்பி அனுப்பிவிடுவார். எதற்கு வம்பு?

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் நான் தையல் மெஷினில் இருந்தேன். அக்கா அதே லைனில் செக்கிங். நாங்கள் தைத்துத் தள்ளும் மேல்தோலை ஒவ்வொன்றாக எடுத்து, விளக்கடியில் பிடித்து, உள்ளும் புறமும் புரட்டி, விரலை விட்டுத் தடவிப் பார்ப்பார். நூல் தவறியிருந்தால், தோல் சுருங்கியிருந்தால், அந்த இடத்தில் ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர். நகத்தளவுதான் இருக்கும். அதில் செக் செய்தவரின் நம்பரைப் பேனாவால் எழுத வேண்டும். அக்காவின் நம்பர் பதினாலு. அம்பு ஒட்டிய பீஸ் தைத்தவளிடமே திரும்பி வரும், பிரித்து மறுபடி தைக்க வேண்டும். அதற்கு ரீவொர்க் என்று பெயர். என் முதல் நாளில் பன்னிரண்டு பீஸ் தைத்தேன், பதினொன்று திரும்பி வந்தது. பாத்ரூமில் போய் அழுதுவிட்டு வந்தேன். அந்தப் பன்னிரண்டாவதும் சும்மா போகவில்லையாம், ரொம்ப நேரம் யோசித்துத்தான் விட்டாராம். பிறகு அவரே சொன்னார், ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு.

நன்றாக இருந்தால் வாயைத் திறந்து ‘ஓகே’ என்றாவது சொல்வாரா? மாட்டார். பேசாமல் எடுத்து டிரேயில் போட்டுவிட்டு அடுத்ததுக்குக் கையை நீட்டுவார். அந்தக் கை நீட்டலைப் பார்த்து நாமே சந்தோஷப்பட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

வேலை முடிந்தாலும் அந்தக் கண் மூடாது. அம்புச் சுருள் எப்போதும் இடுப்புப் பையில் இருக்கும். கம்பெனி பஸ்ஸில் கிழிந்த சீட்டுக்கு அம்பு, கேன்டீனில் விரிசல் விட்ட டம்ளருக்கு அம்பு. யார் வீட்டுக் கதையையாவது யாராவது காதில் ஓதினால் ஒரே கேள்விதான் கேட்பார். “ரெண்டு காலும் பாத்தியா?” ஜோடியில் ஒரு காலை மட்டும் பார்த்துவிட்டு ஷூவைப் பற்றிப் பேசக் கூடாது என்பது செக்கிங்கில் சட்டம். அக்காவுக்கு ஊர் உலகத்துக்கே அதுதான் சட்டம். ஒருத்தி ஓடிப்போய்ட்டாளாம் என்றாலும் ரெண்டு காலும் பாத்தியா, சூப்பர்வைசருக்கு வேறு இடத்தில் வீடு இருக்காம் என்றாலும் ரெண்டு காலும் பாத்தியா. வம்பு பேசுகிற ருசியே போய்விடும் எங்களுக்கு.

எனக்கு வரன் பார்த்தபோது மாப்பிள்ளை போட்டோவைக் கேன்டீனுக்குக் கொண்டுபோனேன். எல்லாரும் முகத்தைப் பார்த்து முடியைப் பார்த்து ஆளுக்கொன்று சொன்னார்கள். அக்கா ஐந்து நிமிஷம் காலையே பார்த்தார். வலது ஷூவின் மேல் ஓர் அம்பு ஒட்டினார். “இது இந்தப் பையனோட ஷூ இல்லடி. ரெண்டு நம்பர் பெரிசு. மடிப்பு இவன் விரலு மடங்கற எடத்துல இல்ல பாரு” என்றார். பெண் பார்க்க வந்த அன்று நான் மாப்பிள்ளையிடம் தனியாக அதைத்தான் முதலில் கேட்டேன். முகம் சிவந்து, சித்தப்பாவுடையது என்று ஒத்துக்கொண்டார். சுத்தி வளைக்காமல் ஒத்துக்கொண்டதற்காகவே கட்டிக்கொண்டேன். போட்டோ இன்னும் வீட்டில் இருக்கிறது, அம்போடு. அந்த மனுஷன் தப்பை ஒரு நொடியில் ஒத்துக்கொண்டார். எனக்கு மூன்று நாள் ஆனது. அது கல்யாணத்துக்கு முன்னால் நடந்தது, அந்தக் கதையைத்தான் இப்போது சொல்லப்போகிறேன்.

எங்கள் கம்பெனி பஸ் ஆம்பூரிலிருந்து குடியாத்தம் பக்கம் போகும். ஐம்பது நிமிஷ ஓட்டம். முன்னால் டிரைவர் தலைக்கு மேலே ஒரு டிவி உண்டு, பென் டிரைவைச் சொருகினால் பாடும். அதனால் எங்களுக்குப் படம் என்பது தவணையில்தான். சாயங்காலம் கொஞ்சம், காலையில் கொஞ்சம். ஓட்டுபவர் பாஷா பாய், கான்ட்ராக்ட் ஆள், வாணியம்பாடிக்காரர், யாரிடமும் அதிர்ந்து பேசாதவர். ஒரு நாள் பஸ்ஸை வழியில் நிறுத்தி யாருக்கோ மருந்து வாங்கிக் கொடுத்ததற்கு ஏற்கெனவே ஒரு மெமோ வாங்கியிருந்தார். இரண்டாவது மெமோ வந்தால் வண்டி கிடையாது. இது பஸ்ஸில் எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

தெரிந்தும்தான் அந்தப் பென் டிரைவைக் கொடுத்தேன். சாமி பாட்டும் பழைய காமெடியும் கேட்டுக் கேட்டுக் காது புளித்திருந்தது. செல் கடை வைத்திருக்கும் என் பெரியம்மா மகனிடம் ஒரு சண்டைப் படம் கேட்டேன். ஏதோ வெளிநாட்டுப் படம், தமிழில் டப் செய்தது. குடும்பத்தைக் கொன்றவர்களை ஒரு பெண் வாளெடுத்துத் தேடித் தேடி வெட்டுகிறாள், செம ஸ்டைல் என்றான். பெரிய படம் ஒரே துண்டாக ஏறாது என்று மூன்றாக வெட்டி ஏற்றிக் கொடுத்தான். மூடி தொலைந்த பழைய பென் டிரைவ். அடையாளத்துக்கு என் ரீவொர்க் பீஸிலிருந்து உரித்த ஒரு சிவப்பு அம்பை அதில் ஒட்டி பாயிடம் கொடுத்து, யார் கொடுத்தது என்று சொல்லாதீங்க என்றேன். சரி தங்கச்சி என்றார்.

திங்கள் சாயங்காலம் படம் ஓடியது. அப்பப்பா! வெள்ளை வெளேரென்று ஒரு உப்பளம். கறுப்புக் குடை பிடித்த நூறு பேர். நடுவில் வெள்ளை உடுப்பில் அவள் ஒருத்தி. சுற்றுகிறாள், குடைகள் இரண்டிரண்டாகப் பிளக்கின்றன, கலர் தண்ணீரைப் பீச்சாங்குழலில் அடித்த மாதிரி ரத்தம். பின்னணியில் ஒற்றைப் புல்லாங்குழல். கடைசி சீட்டில் நாங்கள் விசில் அடித்தோம். முன் சீட்டில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பஸ் சத்தத்தில் வசனம் பாதி கேட்காது, அந்தப் படத்தில் வசனமும் கம்மி. அவள் எல்லாரையும் வெட்டி முடித்த பிறகு அக்காவின் ஸ்டாப் வந்தது, இறங்கிப் போய்விட்டார். நாங்கள் முக்கால்வாசிப் பேர் கடைசி ஸ்டாப். அந்தப் பத்து நிமிஷத்தில்தான் அது வந்தது.

உப்பளத்தின் ஓரத்தில் ஒரு கிழவர், வெறுங்காலோடு முக்காலியில் உட்கார்ந்திருக்கிறார். நாயகி அவர் முன்னால் மண்டியிட்டு, பக்கத்தில் கிடந்த பூட்ஸை எடுத்து மாட்டிவிட்டு, லேஸைக் கட்டுகிறாள். கிழவர் அவள் உள்ளங்கையில் ஒரு காசு வைக்கிறார். அடுத்த நொடி அவள் வாள் வீசுகிறாள், திரை முழுக்கச் சிவப்பு. பஸ் நின்றது.

முன் சீட்டில் லோகநாயகி அம்மா மட்டும் எழுந்து திரும்பினார். கட்டிங் லைன் லீடர், ஊருக்கே பெரிய மனுஷி. “பெத்த அப்பன். கைல காசு வெக்கறான். அவனப் போய் வெட்டிட்டா” என்றார். அவர் வீட்டில் அப்பா பக்கவாதத்தில் ஐந்து வருஷமாகப் படுத்திருக்கிறார். தினமும் வேலைக்குக் கிளம்பும் முன் அவரை நாற்காலியில் உட்கார வைத்து, செருப்பை மாட்டி, வாசலில் விட்டுவிட்டுத்தான் வருவார் லோகநாயகி அம்மா. அப்படிப்பட்டவரை இதைப் பார்க்க வைத்துவிட்டோமே என்று எனக்கும் ஒரு மாதிரிதான் இருந்தது. ஆனால் கடைசி சீட்டின் மானம் என்று ஒன்று இருக்கிறதே. இதெல்லாம் வெளிநாட்டுப் பாணி, முடிவை முதலில் வைத்து அடித்துவிட்டு அப்புறம்தான் காரணம் சொல்வார்கள், பொறுத்துப் பாருங்கள் என்று பெரிய ஞானி மாதிரி பேசினேன்.

செவ்வாய் காலை அடுத்த துண்டு. காலையில் முதல் பத்து நிமிஷம் சீட்டுப் பிடிக்கவும் பூ வைக்கவுமே சரியாக இருக்கும், டிவியை யார் பார்க்கிறார்கள்? நிமிர்ந்தபோது ஒரு சின்னப் பெண் அனாதையாக நடந்து போய்க்கொண்டிருந்தாள். சரி, பழைய கதை என்று எடுத்துக்கொண்டோம். சாயங்காலம் அடுத்த துண்டில் அவள் பெரியவளாகி ஒரு மலை மேல் வாள் பழகினாள். பழகிக்கொண்டே இருந்தாள், படம் நின்றுவிட்டது. நூறு பேரை வெட்டின பிறகு போய் எதுக்குடி கத்துக்கறா என்று ஒருத்தி கேட்டாள். பாவ மன்னிப்பு, வாளை அடக்கக் கற்றுக்கொள்கிறாள் என்றேன். வாய்க்கு வந்ததுதான். கடைசி சீட்டு முழுக்கத் தலையாட்டியது.

புதன் காலை ஒரு பெட்டிஷன் ஒவ்வொரு சீட்டாக வந்தது. அப்பாவைக் கொல்லும் படத்தைப் பெண்கள் வண்டியில் போட்ட டிரைவரை மாற்ற வேண்டும் என்று ஹெச்.ஆருக்கு. லோகநாயகி அம்மாவின் கையெழுத்து முதலில், அதன் கீழே பாதி பஸ். மீதிப் பாதி போடவில்லை. அக்கா எந்தப் பக்கம் போகிறாரோ அந்தப் பக்கம்தான் தயங்கினவர்களும் போவார்கள். பேப்பர் அவர் மடிக்கு வந்ததும் பஸ்ஸே எட்டிப் பார்த்தது.

அக்கா நிதானமாகப் படித்தார். பின்பக்கமும் புரட்டிப் பார்த்தார்.

“நான் முடிவு பாக்கல. என் ஸ்டாப்ல எறங்கிட்டேன்” என்றார்.

“அதான் நாங்க இத்தினி பேரு பாத்தோமே. போடு” என்றார் லோகநாயகி அம்மா.

“நீங்களும் ரெண்டு காலும் பாக்கல. மொத நாளு அவ எடது ஷூ முன்னாடி வாய் பொளந்துட்டு இருந்துது. நேத்து மலை மேல அதே ஷூ, ஒரு கோடு இல்ல, பசை வெச்ச தடம்கூட இல்ல. ஷூ தானா ஆறாது. நேத்து வந்தது முன்னாடி. திங்கக்கிழமை வந்ததுதான் கடைசி. துண்டு மாறி ஓடியிருக்கு.”

என் ஞானம், பாவ மன்னிப்பு எல்லாம் ஜன்னல் வழியாகப் பறந்துபோனது. அக்கா ஓடும் பஸ்ஸில் கம்பியைப் பிடித்து முன்னால் போய், அந்தப் பென் டிரைவைக் கொஞ்சம் கழற்றிக் கொடுங்க பாய் என்றார். வாங்கிப் பார்த்தார். சிவப்பு அம்பு, அதில் பதினாலு, அவர் கையெழுத்திலேயே. அந்த வாரம் லைனில் அதிகமாக ரீவொர்க் வாங்கினவள் யார் என்று அவரை விட யாருக்குத் தெரியும்? திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தார். சாயங்காலம் சரியான வரிசையில் போடச் சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

மத்தியானம் கேன்டீனில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். லோகநாயகி அம்மா முன்கூட்டியே ஹெச்.ஆரில் வாய் வார்த்தையாகச் சொல்லியிருக்கிறார், பாயைக் கூப்பிட்டு விசாரித்திருக்கிறார்கள், பாய் ‘படம் என்னுடையதுதான், நானே வாங்கினேன்’ என்று சொல்லிவிட்டார், சனிக்கிழமை அவருக்கு மெமோ என்றார் அக்கா. நான் என்ன செய்யட்டும் அக்கா என்றேன். அதற்குப் பதில் சொல்லாமல் வேறொன்று சொன்னார். இதற்கு முன்பு இருந்த கம்பெனியில் ஒரு ஸ்டோர்காரர் மேல் திருட்டுப் புகார் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டார்களாம். அவசரத்தில் இவரும் படிக்காமல் போட்டாராம். அந்த ஆளை அனுப்பிய இரண்டாம் மாதம் சாமான் வேறு இடத்தில் கிடைத்ததாம். “அந்தாளு சம்சாரம் இன்னிக்கும் பஜார்ல என்னைப் பாத்தா சிரிக்கும். அதான்டி தாங்கல” என்று சொல்லிவிட்டு டப்பாவைக் கழுவப் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் முதல் துண்டு, ஆரம்பத்திலிருந்து. எல்லாரும் விழித்துக்கொண்டு பார்த்தோம். வீட்டுக்குள் கொலை நடக்கிறது. குழந்தை கட்டிலுக்கடியில் ஒளிந்திருக்கிறது. கொன்றவனின் முகத்தைக் காட்டவே இல்லை. குழந்தை கண்ணுக்குத் தெரிவது அவன் பூட்ஸ் மட்டும்தான். பழுப்புத் தோல், இடது பூட்ஸின் மூக்கில் ஒரு கிழிசல், அதன் மேல் குறுக்காகப் போட்ட தையல். ஷூ கம்பெனிப் பெண்கள் நாற்பது பேர், எங்களுக்கு இன்னொரு தடவை காட்ட வேண்டுமா? கைத்தையல், மெழுகு நூல் என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

வியாழன் காலை மலை. அன்று சாயங்காலம் உப்பளம். பீச்சாங்குழல் ரத்தத்துக்கு இந்தத் தடவை விசில் வரவில்லை, முந்தானையும் போகவில்லை. அக்காவின் ஸ்டாப் வந்தது. பாய் பிரேக் போட்டார். அக்கா எழவில்லை.

“எறங்கலியாம்மா?” என்றார் பாய்.

“போங்க பாய். முடிவு பாத்துட்டு வர்றேன்.”

முக்காலியில் கிழவர். அவள் மண்டியிட்டு பூட்ஸை எடுத்தாள். இடது மூக்கில் அந்தக் குறுக்குத் தையல். பஸ் முழுக்க ஒரே மூச்சில் ஐயோ என்றது. அப்பா இல்லை. அவன்தான். நரைத்து, சவரம் செய்து, பாவம் மாதிரி உட்கார்ந்திருக்கிறான். அவள் யாரென்று அவனுக்குத் தெரியவே இல்லை. லேஸ் கட்டிவிட்ட வேலைக்காரி என்று காசு கொடுக்கிறான். வாள். சிவப்பு.

கடைசி ஸ்டாப்பில் பஸ் நின்றும் ஒருத்தியும் இறங்கவில்லை. எல்லார் கண்ணும் அக்கா மேல்தான். நல்ல படமா, கெட்ட படமா, சொல்லட்டும். அக்கா பாயிடம் லேஸ் கட்டுகிற இடத்தை மட்டும் இன்னொரு தடவை போடச் சொன்னார். கிட்டப் போய் நின்று பார்த்தார்.

“ரெண்டு முடிச்சு போட்றா” என்றார்.

எங்களுக்குப் புரியவில்லை.

“சாவப் போறவனுக்கு எதுக்கு ரெண்டாவது முடிச்சு? நடக்கறவனுக்குத்தான அது, அவுந்துடக் கூடாதுன்னு. கட்டறப்ப அவனை விட்டுடலாம்னுதான் இருந்திருக்கா. கொல்ற எண்ணம் அப்புறம் வந்துது.”

“காசு குடுத்தப்ப” என்றார் லோகநாயகி அம்மா. மெதுவாகத்தான் சொன்னார். பிறகு மெதுவாக இல்லை. “மொத்த குடும்பத்தையும் கொன்னுட்டு, யாருன்னுகூட தெரியாம காசு குடுக்கறான். வெட்டணும். நல்லா வெட்டணும்.”

“வெட்டியிருக்க வேணாம்” என்றார் அக்கா. “அந்த முடிச்சோட விட்டிருக்கணும்.”

அவ்வளவுதான், பஸ் மறுபடி இரண்டாகப் பிளந்தது. ஆனால் முன் சீட்டு பின் சீட்டு எல்லாம் கலந்துபோயிற்று. நேற்று வரை வாந்தி வருகிறது என்றவர்கள் வெட்டணும் என்கிறார்கள், விசில் அடித்தவர்களில் பாதிப் பேர் விட்டிருக்கலாம் என்கிறார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவில் அக்கா பெட்டிஷனை எடுத்து, ‘அப்பாவை’ என்று எழுதியிருந்த இடத்தில் ஓர் அம்பு ஒட்டி லோகநாயகி அம்மாவிடம் நீட்டினார். லோகநாயகி அம்மா அதை நாலாக மடித்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு, நேரமாயிடுச்சு, அப்பா வாசலிலேயே உட்கார்ந்திருப்பார் என்று முதல் ஆளாக இறங்கிப் போனார்.

எனக்கு அப்பாடா என்றிருந்தது. பெட்டிஷன் இல்லை, விஷயம் முடிந்தது. சிரித்துக்கொண்டே இறங்கினேன். பின்னால் எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள், நானும் சேர்ந்து சிரித்தேன். அக்காவைக் கொண்டுவிட பாய் பஸ்ஸைத் திருப்பினார்.

வீட்டில் அம்மாதான் கேட்டாள், இன்னாடி இது முதுகில என்று. சுடிதாரில், இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில், ஒரு சிவப்பு அம்பு. பதினாலு. எப்போது ஒட்டினாரோ தெரியாது. அதோடுதான் பஸ்ஸில் எல்லார் முன்னாலும் இறங்கி, கடைத்தெரு வழியாகச் சிரித்துக்கொண்டே வந்திருக்கிறேன்! அம்மாவிடம் ஒன்றுமில்லை என்றேன். ஆனால் குறை எங்கே என்று எனக்குத் தெரியும். பெட்டிஷன் இல்லாவிட்டாலும் பாய் ‘என்னுடையது’ என்று சொன்ன சொல் ஹெச்.ஆரில் அப்படியே இருக்கிறது. சனிக்கிழமை மெமோவும் அப்படியே இருக்கிறது. வெட்கமாக இருந்தது, கோபமும் வந்தது. ஒரு வார்த்தை வாயால் சொன்னால் என்ன இந்த அக்காவுக்கு?

வெள்ளிக்கிழமை காலை அதே அம்பை எடுத்து என் இடது தோளில், முன்பக்கமாக, நானே ஒட்டிக்கொண்டேன். அக்கா ஏறும் வரை காத்திருந்து, டிவிக்குக் கீழே போய் நின்று, பென் டிரைவ் என்னுடையது, யார் கொடுத்தது என்று சொல்லாதீர்கள் என்று பாயிடம் சொன்னதும் நான்தான், இப்போது நேராக ஹெச்.ஆருக்குப் போகிறேன் என்றேன். அரே, உனக்கு எதுக்கு தங்கச்சி இந்தப் பேஜாரு என்று பாய் கண்ணாடியில் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். லோகநாயகி அம்மா எழுந்து, நானும் கூட வர்றேன் என்றார்.

கடைசியில் எனக்கு ஒரு மெமோ, பஸ்ஸுக்குப் பதினைந்து நாள் டிவி கிடையாது, பாய்க்கு ஒன்றும் இல்லை. டிவி இல்லாத அந்தப் பதினைந்து நாளும் வெட்டியது சரியா தப்பா என்பதுதான் பேச்சு.

ஹெச்.ஆர் அறையிலிருந்து லைனுக்குத் திரும்பினேன். அக்கா மேஜையைக் கடந்துதான் என் மெஷினுக்குப் போக வேண்டும். கையைப் பிடித்து நிறுத்தி, விளக்கடியில் இழுத்து, தோளில் இருந்த அம்பை நகத்தால் கிள்ளி உரித்தார். துணியில் கோந்து நிற்கிறதா என்று கட்டைவிரலால் இரண்டு தரம் தேய்த்துப் பார்த்தார்.

“ரீவொர்க் ஓகே” என்றார்.

நாலு வருஷத்தில் அவர் வாயால் நான் கேட்ட ஒரே ஓகே அதுதான். சொல்லிவிட்டு அடுத்த பீஸுக்குக் கையை நீட்டினார்.